இறந்தால் தூக்கு, பிழைத்தால் பத்து ஆண்டா?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் இறந்துவிட்டால் குற்றவாளிக்குத் தூக்கு நிச்சயம்தானே? ‘கொல்லும் எண்ணமே எனக்கு இல்லை’ என்று அவன் சொன்னால் தண்டனை குறைந்துவிடுமா? அந்தப் பெண் உயிர் பிழைத்து, ஆனால் எழுந்து நடக்கக்கூட முடியாத அளவுக்குக் காயம்பட்டிருந்தால் வெறும் பத்து ஆண்டுதானா? முதல் கேள்விக்குப் பதில், நிச்சயம் இல்லை. இரண்டாவதற்கு, நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் குறையாது. மூன்றாவதில்தான் உங்கள் கோபம் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியச் சட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமர்வு நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்திவருகிறேன். பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்காகவும் நின்றிருக்கிறேன், எதிரித் தரப்புக்காகவும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும், நின்றிருக்கிறேன். மருத்துவம் படித்ததில்லை. மருத்துவர்களைக் கூண்டில் வைத்துக் கேள்வி கேட்டு, சில சமயம் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றதுதான் அந்தப் பக்கத்து அறிவு. குறிப்பிட்ட ஒரு வழக்குக்கு இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோப்பைப் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் பிரிவு எண்கள். 376, 302 என்றுதான் நமக்கெல்லாம் பழக்கம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. வன்புணர்வுக்கு 64, கொலைக்கு 103, வன்புணர்வின்போது ஏற்படுத்திய காயத்தால் மரணம் என்றால் 66. பழைய சட்டத்தில் இது 376ஏ. குற்றம் நடந்த தேதியைப் பொறுத்துத்தான் எந்தச் சட்டம் என்பது முடிவாகும், தீர்ப்பு வரும் தேதியைப் பொறுத்து அல்ல. நடந்த அன்று சட்டத்தில் இல்லாத தண்டனையைப் பின்னால் கொடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(1) பிரிவு தடுக்கிறது. 2012 டிசம்பர் 16 டெல்லி (நிர்பயா) வழக்கு நாடு முழுவதையும் உலுக்கி, 376ஏ இந்த வடிவத்தில் பிறக்கக் காரணமானது. ஆனால் அந்த வழக்கில் அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியவில்லை. அதற்கு முன் நடந்த குற்றம் என்பதால் பழைய 302இன் கீழ்தான் தூக்கு விதித்தார்கள்.

66இன் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும், எல்லாமே அதில்தான் இருக்கிறது. 64இன் கீழ் வரும் வன்புணர்வைச் செய்யும் ஒருவர், அதைச் செய்யும் போக்கில் ஒரு காயத்தை ஏற்படுத்தி, அந்தக் காயம் அந்தப் பெண்ணின் மரணத்துக்குக் காரணமானால், அல்லது அவரை நிரந்தரமாக உணர்வற்ற நிலையில் தள்ளினால், குறைந்தது 20 ஆண்டு கடுங்காவல். அது ஆயுள் வரை போகலாம், மரண தண்டனையாகவும் இருக்கலாம். இங்கே ஆயுள் என்றால் இயற்கையான ஆயுள் முடியும் வரை என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. ‘ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம்’ என்ற பேச்சு இங்கே செல்லாது. பொதுவான ஆயுள் தண்டனையிலும் 14 ஆண்டு என்பது உரிமை கிடையாது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றம் என்றால், அதற்கு முன் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கக் கூடாது என்ற தடைதான் அது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 66இல் ‘கொல்லும் எண்ணத்துடன்’ என்ற சொல் எங்கும் கிடையாது. இது தற்செயலாக விடுபட்டது இல்லை. கொலைக் குற்றத்தில் அரசுத் தரப்பு எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம் இயல்பான போக்கில் உயிரைப் பறிக்கப் போதுமானது என்றாவது காட்ட வேண்டும். இந்த இரண்டாவது வழியை 1958இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதனாலேயே, ‘சத்தம் போடாமல் இருக்கத்தான் வாயைப் பொத்தினேன், மூச்சு நின்றுபோகும் என்று நினைக்கவில்லை’ என்ற வாதம் கொலைப் பிரிவுக்கு எதிராக ஓரளவு எடுபடும். கொலைக் குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்ற அளவுக்கு இறங்கவும் கூடும். ஆனால் 66இல் அந்த வாதத்துக்கு வேலையே இல்லை. வன்புணர்வு நடந்ததா, அதன் போக்கில் காயம் ஏற்பட்டதா, அந்தக் காயத்தால் மரணம் வந்ததா, இந்த மூன்றும் நிரூபணமானால் குறைந்தபட்சம் 20 ஆண்டு. வாயைப் பொத்துவதெல்லாம் காயமா என்று கேட்பீர்கள். சட்டத்தின் பொது விளக்கத்தில் ‘காயம்’ என்பதற்குப் பொருள் மிக அகலம். உடலுக்கோ மனதுக்கோ சட்டவிரோதமாக ஏற்படுத்தும் எந்தத் தீங்கும் அதில் அடங்கும். கத்திக்குத்துதான் வேண்டும் என்பதில்லை. நடைமுறையில் காவல்துறை 64, 66, 103 மூன்றையும் சேர்த்தே குற்றப்பத்திரிகையில் போடும். கொலை நிற்கவில்லை என்றாலும் 66 நிற்கட்டும் என்பதுதான் கணக்கு.

சரி, மரணம் உடனே வராமல் சில நாள் கழித்து வந்தால்? டெல்லியில் அந்தப் பெண் 13 நாள் போராடிவிட்டுத்தான் டிசம்பர் 29 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். இந்த மாதிரி வழக்கு ஒவ்வொன்றிலும் எதிரித் தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கிற முதல் ஆயுதம் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிற ‘செப்டிசீமியா’ என்ற சொல். நானே எடுத்திருக்கிறேன். வழக்கு நடத்தத் தொடங்கிய புதிதில், எதிரிக்காக நின்ற ஒரு வழக்கில், பரிசோதனை செய்த மருத்துவரிடம் வலுவான ஒரு கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு, ‘சாவுக்குக் காரணம் ரத்தத்தில் கிருமித் தொற்று என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், காயம் என்று எழுதவில்லையே?’ என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ‘ஆமாம். அந்தக் கிருமி எந்த வழியாக உள்ளே போனது என்று அடுத்ததாகக் கேளுங்கள்’ என்றார். நான் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். நீதிபதி அந்த அடுத்த கேள்வியைத் தானே கேட்டுப் பதிவு செய்துகொண்டார்.

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவுக்கு உள்ள விளக்கம், நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் மரணத்தைத் தடுத்திருக்கலாம் என்றாலும் காயத்தை ஏற்படுத்தியவரே மரணத்தை ஏற்படுத்தியவர் என்கிறது. ஏற்கெனவே நோயாளியாக இருந்தவரின் சாவை அந்தக் காயம் விரைவுபடுத்தினாலும் அதே நிலைதான். ஜார்க்கண்டில் 2004இல் நடந்த ஒரு வழக்கு: வன்புணர்வு செய்து தீ வைக்கப்பட்ட பெண் ஐந்து வாரம் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். உயர் நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் மரண வாக்குமூலத்தை ஏற்று, கொலைக்கும் வன்புணர்வுக்கும் கொடுத்த தண்டனையைத் திரும்ப நிலைநிறுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கு ‘இரு விரல் சோதனை’ (உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று பெண்ணுறுப்பில் விரலால் பார்ப்பது) செய்யும் மருத்துவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராவார் என்று சொன்னதும் இதே தீர்ப்புதான். சோதனையைப் பற்றிய பகுதி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஐந்து வாரம் கழித்து வந்த மரணம் என்ற பகுதியைத்தான் நாங்கள் கோர்ட்டில் எடுத்துக் காட்டுகிறோம்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வது அப்படி இல்லை. அந்தப் பெண் அவமானத்தாலும் பயத்தாலும் தற்கொலை செய்துகொண்டால் 66 பொருந்துமா? பொருந்தாது என்பதுதான் பெரும்பாலும் எடுக்கப்படும் நிலைப்பாடு. வன்புணர்வுக்கும் தற்கொலைக்குத் தூண்டியதற்கும் தனித்தனியாக வழக்கு நடக்கும். ஆனால் ‘காயம்’ என்பதில் மனதுக்கு ஏற்படும் தீங்கும் அடங்கும் என்று சட்டமே சொல்லும்போது, அந்த மனக்காயம்தானே மரணத்துக்குக் காரணம் என்று ஒரு அரசு வழக்கறிஞர் வாதாடினால் அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. என் கருத்தில் அந்த வாதம் தோற்கும். ‘செய்யும் போக்கில்’ என்ற சொற்கள் காயத்தையும் குற்றத்தையும் ஒரே நேரத்தில் கட்டிப்போடுகின்றன. மரண தண்டனை வரை போகிற பிரிவை நீட்டிப் பொருள் கொள்ள நீதிமன்றங்கள் தயங்கும். இது என் கணிப்புதான், தீர்ந்துபோன சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த சந்தேகம் அந்த ‘நிரந்தர உணர்வற்ற நிலை’. இதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை, மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். கோமா வேறு, இது வேறு. கோமாவில் கண் திறக்காது. இந்த நிலையில் கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், மூச்சு தானாக ஓடும், ஆனால் தன்னைப் பற்றியோ சுற்றியிருப்பதைப் பற்றியோ எந்த உணர்வும் இருக்காது. பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவர்கள் இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். மூளைச்சாவு என்றால் அது மரணம்தான், அங்கே குழப்பம் இல்லை.

இந்தச் சொல் ஒரு குற்றச் சட்டப் பிரிவுக்குள் வந்ததற்குப் பின்னால் மும்பையின் ஒரு செவிலியர் இருக்கிறார் என்பது என் ஊகம். 1973 நவம்பரில், தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே, அங்கிருந்த ஊழியர் ஒருவர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கியதில் மூளைக்கு ரத்தம் போகாமல் அவர் படுத்த படுக்கையானார். 2015 மே மாதம் இறக்கும் வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில், சக செவிலியர்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை பற்றிய 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அவர் பெயர் இருக்கிறது, நான் இங்கே எழுதவில்லை. தாக்கியவருக்குக் கிடைத்தது கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் தலா ஏழு ஆண்டு, அதுவும் ஏககாலத்தில், அதாவது இரண்டும் ஒன்றாகவே ஓடும். பாலியல் தாக்குதலுக்காக அவர் மீது குற்றச்சாட்டே வைக்கப்படவில்லை. ஏழு ஆண்டையும் நாற்பத்திரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 376ஏ ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

ஆனால் அந்தப் பிரிவை எழுதியவர்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது. ஒரு பெண்ணுக்கு முதுகுத்தண்டு முறிந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லை, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பேசுகிறார், கோர்ட்டுக்குச் சாட்சியும் சொல்கிறார். இது 66இல் வராது. உணர்வு இருக்கிறதே! குடலில் பாதி வெட்டி எடுக்கப்பட்டு வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ்கிறவருக்கும் 66 இல்லை. இவர்கள் எல்லாம் 64(2)இல் உள்ள ஒரு உட்பிரிவுக்குள் போகிறார்கள்: வன்புணர்வின்போது கொடுங்காயம் ஏற்படுத்துவது, உறுப்பைச் சிதைப்பது, உருக்குலைப்பது, உயிருக்கு ஆபத்து விளைவிப்பது. அதற்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு, அதிகபட்சம் இயற்கை ஆயுள் முடியும் வரை.

காயம் எதுவும் இல்லாத, சாதாரண வன்புணர்வு என்று சட்டம் வகைப்படுத்துகிற (அந்த அடைமொழியை எழுதவே கை கூசுகிறது) 64(1)க்கு என்ன தண்டனை தெரியுமா? அதற்கும் குறைந்தபட்சம் 10 ஆண்டுதான். 2018இல் அடிமட்டத் தண்டனையை ஏழிலிருந்து பத்தாக உயர்த்தியபோது மேலே இருந்த கொடுங்காயப் படியை யாரும் தொடவில்லை. விளைவு, எலும்பு முறிந்தாலும் முறியாவிட்டாலும் தொடக்கம் ஒன்றுதான், கூரை மட்டும்தான் உயர்கிறது. கூட்டு வன்புணர்வுக்கு, காயம் இருக்கிறதோ இல்லையோ, 70(1)இன் கீழ் குறைந்தபட்சம் 20. தனி ஒருவர் செய்து பெண்ணை வாழ்நாள் முழுக்க முடமாக்கினால் 10. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 109, அதாவது கொலை முயற்சி. இன்னொன்று நியாய சன்ஹிதாவில் புதிதாக வந்த 117(3). கொடுங்காயத்தால் நிரந்தர ஊனமோ உணர்வற்ற நிலையோ ஏற்பட்டால் குறைந்தது 10 ஆண்டு, இயற்கை ஆயுள் வரை போகலாம். குற்றப்பத்திரிகையில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புதுப் பிரிவு என்பதால் கைப்பழக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலும் ஏககாலத்தில் என்றுதான் வரும்.

கொடுங்காயம் என்பதும் வாய்ப்பேச்சில் நிரூபணமாகிற விஷயம் இல்லை. 116ஆம் பிரிவில் எட்டு வகை இருக்கிறது: கண் போவது, காது போவது, முகம் நிரந்தரமாக உருக்குலைவது, எலும்போ பல்லோ முறிவது என்று. எட்டாவது வகை, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 15 நாள் கடும் வலியிலோ அன்றாட வேலையைச் செய்ய முடியாமலோ கிடக்க வைத்த காயம். பழைய சட்டத்தில் இது 20 நாள். நான் குடும்பத்தின் பக்கம் நின்ற ஒரு வழக்கில் இடுப்பெலும்பு முறிவு. காயச் சான்றிதழில் ‘கொடுங்காயம்’ என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். விசாரணையில் எக்ஸ்ரே படம் எங்கே என்று கேட்டார்கள், இல்லை. படத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்த ரேடியாலஜிஸ்ட் சாட்சிப் பட்டியலிலேயே இல்லை. ‘முறிவு நிரூபிக்கப்படவில்லை’ என்று தீர்ப்பில் ஒரு வரி வந்தது. அந்தப் பெண் ஊன்றுகோலோடு நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து அந்த வரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும், உயிருக்கு ஆபத்து என்ற வகைக்கு எக்ஸ்ரேயே தேவையில்லை. ரத்தம் எவ்வளவு போனது, எத்தனை யூனிட் ஏற்றினார்கள், எத்தனை நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார் என்று மருத்துவமனைக் கோப்பிலிருந்தே காட்டியிருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை, நானும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அதனால் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த நிலையில் இருந்தால், முதல் வாரத்துக் காகிதங்கள்தான் முக்கியம். எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுத்துக் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால் 200ஆம் பிரிவின் கீழ் ஓர் ஆண்டு வரை சிறை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. வன்புணர்வுப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அறிக்கை ஏழு நாளில் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். பெண் பேசும் நிலையில் இருந்தால் மாஜிஸ்திரேட் வாக்குமூலத்துக்கு உடனே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவர் பின்னால் இறந்துவிட்டால் அதே வாக்குமூலம் மரண வாக்குமூலமாகிவிடும். சிகிச்சையில் இருப்பவர் இறந்ததும் காவல்துறை பிரிவை மாற்றிக் கோர்ட்டில் ‘ஆல்டரேஷன் ரிப்போர்ட்’ கொடுக்கும். அதில் 103 மட்டும் இருக்கிறதா, 66உம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது தூக்கு. 2012 டிசம்பரில் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு எண்பதாயிரம் கருத்துகளை வாங்கிப் படித்து ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23 அன்று, அறிக்கை கொடுத்தது. மரணம் விளைவித்த வன்புணர்வுக்கு 20 ஆண்டு முதல் இயற்கை ஆயுள் வரை என்பதுதான் அவர்கள் பரிந்துரை. மரண தண்டனை வேண்டாம் என்று எழுதினார்கள். பதினொரு நாளில் வந்த அவசரச் சட்டம் தூக்கைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்தாலும் கட்டாயமாக்க முடியாது. 1983இல் மிட்டு சிங் வழக்கில், நீதிபதிக்கு வேறு வழியே இல்லாமல் மரண தண்டனை விதிக்கச் சொல்லும் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. 1980 பச்சன் சிங் தீர்ப்பின்படி அரிதிலும் அரிதான வழக்கில் மட்டும்தான் தூக்கு. குற்றம் எவ்வளவு கொடூரம் என்பதோடு, இந்த மனிதர் திருந்த வாய்ப்பே இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவமனை ஒன்றில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். புதிய சட்டத்தின் 64, 66, 103(1) மூன்றிலும் எதிரி குற்றவாளி என்று 2025 ஜனவரியில் அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவெல்லாம் தூக்கு கேட்டது. நீதிபதி இது அரிதிலும் அரிதான வகையில் வராது என்று சொல்லிச் சாகும்வரை ஆயுள் சிறை கொடுத்தார். அதற்கு முந்தைய செப்டம்பரில் மேற்கு வங்கச் சட்டமன்றம் இப்படிப்பட்ட குற்றங்களுக்குத் தூக்கைக் கட்டாயமாக்கும் மசோதாவை நிறைவேற்றியிருந்தது. மிட்டு சிங் தீர்ப்பு நிற்கிற வரை அந்த வழியில் நீண்ட தூரம் போக முடியாது என்பது என் கருத்து. தமிழ்நாடு சட்டமன்றமும் 2025 ஜனவரியில் தண்டனைகளை உயர்த்தும் மசோதாவை நிறைவேற்றியது. ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தம் நிற்க வேண்டும் என்றால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. அதனால் வழக்கின் தேதியில் எது அமலில் இருந்தது என்று பார்த்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

கீழ்நீதிமன்றம் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது. பிறகு உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, கருணை மனு என்று போகும். டெல்லி வழக்கில் நால்வர் திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டது 2020 மார்ச் 20 அன்று, ஏழு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வன்புணர்வு செய்து கொன்றதற்காக அதற்கு முன் ஒருவரைத் தூக்கிலிட்டது 2004இல். அதனால் வழக்கில் எதிர்பார்க்கக் கூடியது என்ன என்று குடும்பத்தார் என்னிடம் கேட்டால், இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டு தண்டனைக் குறைப்பு இல்லாத சிறை, அல்லது சாகும்வரை சிறை என்றுதான் சொல்வேன். இத்தனை ஆண்டு குறைப்பே கிடையாது என்று நிபந்தனை போடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான் என்று 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் தீர்ப்பு வந்தது.

தூக்கு வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு ஒன்று மட்டும் நேரில் உறைத்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளை எடுத்தால், பெரும்பாலான ஆண்டுகளில் பதிவான வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எதிரி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், அண்ணனின் நண்பர். ‘புகார் கொடுத்தால் அவனைத் தூக்கில் போட்டுவிடுவார்களாமே’ என்று குடும்பத்துப் பெரியவர்களே தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிறுமிகள் விஷயம் தனி, சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமும் சேரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, கொடுங்காயமோ மரணமோ விளைவித்த ஊடுருவல் தாக்குதலுக்கு அதில் குறைந்தபட்சம் 20 ஆண்டு, மரண தண்டனையும் உண்டு. இரண்டு சட்டத்தில் எது கடுமையோ அதுதான் பொருந்தும். ஆக, நான் மேலே புலம்பிய பத்து ஆண்டு ஓட்டை குழந்தைகள் வழக்கில் இல்லை. எதிரி 18க்குக் கீழே என்றால் தூக்கும் கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளும் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 66இன் பெரிய பள்ளம் அதுதான். 66 நிற்பது 64இன் தோளில். மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால் கணவன் செய்வது வன்புணர்வு ஆகாது என்று 63ஆம் பிரிவின் விதிவிலக்கு சொல்கிறது. அப்போது 64 இல்லை, 64 இல்லாவிட்டால் 66உம் இல்லை. சத்தீஸ்கரில் 2017இல் கணவனின் பலவந்தத்தில் உள்ளுறுப்பு கிழிந்து, வயிற்றறையில் தொற்று ஏற்பட்டு ஒரு பெண் இறந்தார். இறப்பதற்கு முன் வாக்குமூலமும் கொடுத்திருந்தார். கீழ்நீதிமன்றம் கொடுத்த பத்து ஆண்டை 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்து கணவனை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. வன்புணர்வு பொருந்தாது என்பதை விதிவிலக்கின் பேரில் விளங்கிக்கொள்ளலாம். மரணம் விளைவித்த குற்றத்துக்குக் கணவன் என்ற விலக்கு எதுவும் கிடையாது, அதுவும் விழுந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாதிக்கப்பட்டவர் வயதுவந்த ஆணாக இருந்தாலும் 66 பயன்படாது, பிரிவு ‘பெண்’ என்றே சொல்கிறது. பழைய 377ஐப் புதுச் சட்டத்தில் எடுத்துவிட்டதால் அவருக்கு மிஞ்சுவது காயம், கொலை ஆகிய பிரிவுகள்தான்.

கடைசியில் பணம். அநாகரிகமாகத் தோன்றலாம், ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு மருந்து வாங்க வேண்டும். 66இல் அபராதம் என்ற சொல்லே இல்லை. 64 அல்லது 103இல்தான் நீதிபதி அபராதம் போடுவார், அதுவும் எதிரியிடம் இருந்தால்தான் கிடைக்கும். அதை நம்பியிருக்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம். 2018ஆம் ஆண்டுத் தேசியத் திட்டத்தின்படி மரணத்துக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய், வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம். கொல்கத்தா வழக்கில் மாநில அரசு தரவேண்டும் என்று உத்தரவான 17 லட்சம் இந்த இரண்டு உச்சவரம்புகளின் கூட்டுத்தொகைதான். இதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால இழப்பீடு கேட்கலாம். எதிரி யார் என்றே தெரியாவிட்டாலும் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலும் மருத்துவமனைக் காகிதங்களும் இருந்தால் மனுவை எழுதிக் கொடுக்க அங்கேயே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

ஒரு எச்சரிக்கை: நியாயம் கேட்டுப் பதிவு போடும்போது அந்தப் பெண்ணின் பெயரையோ படத்தையோ போட்டுவிடாதீர்கள். 72ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்துவிட்டாரே, பெற்றோரே சம்மதித்துவிட்டார்களே என்பதும் போதாது. 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி வெளியிட வேண்டிய தேவை இருந்தால் அமர்வு நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது.